எண்பது சனலும் என் கணக்கும்

நானா,

மகள் நேற்று எங்கள் டீவிக்குப் புதிய பெட்டி ஒன்றைப் பூட்டினாள். அதனோடு வந்த ரிமோட்டைக் கையில் எடுத்தேன். சோப்புத் துண்டு போல வழுவழுப்பாக இருந்தது. இலக்கங்கள் இல்லை. நடுவில் ஒரு வளையம், அதற்குக் கீழே சின்னதாக மூன்று பொத்தான்கள். இடது கையால் மட்டும் அதை இயக்கிப் பார்த்தேன். இரண்டு தடவை மடியில் விழுந்தது.

"ஏன்ப்பா ஒத்தக் கையால மல்லுக்கட்டுறீங்க?" என்று கேட்டாள் மகள். எழுந்து வந்து இதை எழுதுகிறேன்.

பாரிசவாதம் உங்கள் வலது பக்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு, பலாபத்வல வீட்டின் முன்னறைக் கட்டிலோடு நீங்கள் அடங்கிப்போனீர்கள். பல்லேபொல பக்கம் தோட்டம் தோட்டமாக நடந்து மிளகும் கராம்பும் வாங்கிய மனிதர். உங்கள் மகனும் மருமகளும் காலையில் மாத்தளைக் கடைக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சோறு ஊட்டுவார். மற்ற நேரமெல்லாம் டீவிதான்.

கூடப் பிறக்காத தம்பியாக நான் பின்னேரங்களில் வருவேன். உங்கள் இடது பெருவிரல் அந்தப் பழைய ரிமோட்டின் மேடான பொத்தானிலேயே இருக்கும். சிங்கள நாடகம், தமிழ்ச் செய்தி, யாரோ மீன் பொரிக்கிறார்கள், யாரோ மல்யுத்தம் செய்கிறார்கள். கிரிக்கெட்டும் இரவுச் செய்தியும் தவிர எதிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டீர்கள்.

"ஒண்ணுலயாவது நில்லுங்க நானா. எனக்குத் தல சுத்துது."

"கட வீதியில போறவன் எல்லாக் கடையிலயுமா சாமான் வாங்குறான், மாஸ்டர்? சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறதுதான்."

"அப்ப எங்கயாவது ஒரு கடையில எனக்கு டீ வாங்கித் தாங்க."

வாயின் வேலை செய்யும் பக்கத்தால் சிரித்தீர்கள்.

பிறகு மருந்து விலை ஏறியது. டிஷ் பெக்கேஜும் ஏறியது. உங்கள் மகன் என்னிடம் வந்தான்.

"சேர், வாப்பா நின்னு பாக்குறது செய்தியும் கிரிக்கெட்டும் மட்டுந்தான். அதுக்கு எண்பது சனலுக்குக் கட்டுறோம். டிஷ்ஷ வெட்டிட்டு தனித்தனியா ஆப் எடுத்தா லாபமா?"

எனக்கு உற்சாகமாகிவிட்டது. காலமெல்லாம் கணிதம் படிப்பித்தவனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் விடுவானா? உங்கள் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து தாளில் இரண்டு நிரல்கள் போட்டேன். இடப்பக்கம் பெக்கேஜின் மாதக் கட்டணம். வலப்பக்கம் கிரிக்கெட் ஆப், படங்களுக்கு இன்னொரு ஆப், இரண்டுக்கும் வேண்டிய மேலதிக டேட்டா. செய்தி இலவசம். பலர் டேட்டாவை மறந்துவிடுவார்கள், நான் மறக்கவில்லை. அப்படியும் வலப்பக்கம் நன்றாகவே குறைந்தது.

வகுப்பில் போல உதாரணமும் சொன்னேன். சந்தையில் போஞ்சி, கரட், முள்ளங்கி எல்லாவற்றையும் ஒரே கூறாகக் கட்டி விற்கிறான். வீட்டில் முள்ளங்கி தின்ன ஆளில்லை என்றால் போஞ்சியை மட்டும் நிறுத்து வாங்குவதுதானே புத்தி? அதோடு, கிரிக்கெட் இல்லாத மாதம் அந்த ஆப்பை நிறுத்தலாம். டிஷ்ஷில் அது முடியாது.

"கணக்குச் சரியா, மாஸ்டர்?"

"சரி நானா."

"அப்ப முடிங்க" என்று இடது கையை நீட்டினீர்கள். நான் பிடித்துக் குலுக்கினேன். அதன் பொருள் எனக்குத் தெரியும். தோட்டத்தில் ஒரு விலைக்குக் கை கொடுத்துவிட்டால், அடுத்த நாள் மாத்தளையில் மிளகு விலை விழுந்தாலும் அந்த விலைக்கே எடுப்பவர் நீங்கள்.

மூன்று கிழமை கழித்து, பென்சன் எடுத்துத் திரும்பும் வழியில் ஒரு நாள் காலை முடியும் நேரத்தில் வந்தேன். நீங்கள் தனியாக இருந்தீர்கள். டீவியில் சத்தமில்லை. திரை முழுவதும் படங்களின் சின்னச் சின்ன அட்டைகள், வரிசை வரிசையாக, அசையாமல். மகன் போட்டுவிட்டுப் போனது முடிந்திருந்தது. அடுத்ததை நீங்கள் தெரிவு செய்ய வேண்டும். ஆப்புக்காக வந்த வழுவழுப்பான புது ரிமோட் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

"எவ்வளவு நேரமா இப்பிடி?"

"இப்பதான் மாஸ்டர்."

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் சோற்றோடு வந்தார். "எங்க சேர் இப்பதான்? தெனமும் காலையில இருந்து இதேதான். எனக்கும் அதப் போடத் தெரியாதுங்க."

டிஷ்ஷைத் திரும்ப எடுக்கச் சொல்லி மகனிடம் பேசுகிறேன் என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "வேணாம். மகன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. கை குடுத்து முடிச்சது" என்றீர்கள்.

நான் வற்புறுத்தவில்லை. உங்கள் சொல்லுக்கு மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இல்லை நானா. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நீங்கள் நின்று பார்த்தவற்றை மட்டும் எண்ணினேன், எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்து போன கடை வீதியை எண்ணவில்லை என்று உங்கள் மகன் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணக்கைத் திரும்பப் போட்டேன். அதே விடைதான் வந்தது. அதில் ஆறுதலும் பட்டேன்.

அதன் பிறகு நான் காலையில் வரவேயில்லை. மகன் வீட்டில் இருக்கும் பின்னேரங்களில்தான் வந்தேன். அப்போது டீவி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் இன்னும் ஐந்து மாதம் இருந்தீர்கள். ஐந்து மாதத்தின் காலைகள் எத்தனை என்பது எனக்குத் தெரியும்.

குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கும் உங்கள் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு என்னையும் அழைத்தார்கள். முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். சோறு குவித்த ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்தோம். உங்கள் மகன் இறைச்சிச் சட்டியோடு குனிந்து மற்றவர்களிடம் சொன்னான்: "வாப்பாட மருந்து ஒரு நாளும் தவறல. சேர் போட்ட கணக்காலதான் சமாளிச்சோம்."

பக்கத்திலிருந்த வயதானவர், "படிச்ச மனுசர் ஒருத்தர் கூட இருக்குறது எவ்வளவு பெரிய உதவி" என்றார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மகன் அகப்பையோடு காத்து நின்றான். உங்கள் காலைகளைப் பற்றி அன்றைக்கு அந்த இடத்தில் சொல்லாமல் விட்டதை அதற்குப் பிறகு ஒரு நாளும் அவனிடம் சொல்ல என்னால் முடியவில்லை. வழியில் காணும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி நலம் விசாரிக்கிறான்.

"கொஞ்சமாப் போடுங்க மகன்" என்றேன், நானா. நான் சொன்னது அவ்வளவுதான்.