பள்ளிக்கூடத்தால வந்த போன்

தர்சிகா பிள்ளை,

இடியப்பம் மேசையில மூடிக்கிடக்கு. சொதியைச் சூடாக்கிச் சாப்பிட்டிட்டுப் பள்ளிக்கூடம் போ. நேற்று நீ அழுதுபோட்டுச் சாப்பிடாமப் படுத்தனீ.

நேற்று வந்த போன் உன்னைப் பற்றினதில்லை. "உங்கள் வீட்டு மாணவர் இன்று வகுப்புக்கு வரவில்லை" எண்டு மெஷின் சொன்னவுடன அப்பா உன்னைப் பிடிச்சு ஏசினார். அந்த மாணவர் நான்தான். நான் போற பெரியாக்களின்ர பள்ளிக்கூடத்தாலயும், வராட்டி வீட்டுக்குப் போன் அடிப்பினம் எண்டு எனக்குத் தெரியாது.

நேற்று எனக்குக் கணக்குச் சோதனை. வகுப்பு வாசல்வரைக்கும் போனன், உள்ளுக்குப் போகக் கால் வரேல்லை. வகுப்பு முடியுமட்டும் அஜின்கோர்ட் மோல் கடையளுக்குள்ள இருந்தனான். நீ "நான் போனனான் அம்மா" எண்டு அழ, நான் வாய் திறக்காமக் கறியைக் கிளறிக்கொண்டு நிண்டன். சோதனைக்குப் போகாததைவிட அதுதான் பெரிய பிழை.

விடிய அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன். அவர் தன்ர கல்குலேற்றரை என்ர பையுக்குள்ள வைச்சிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

ரீச்சர் விட்டா அந்தச் சோதனையை இண்டைக்கே எழுதிப்போடுவன். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காட்டி நேர்ஸிங் கோர்ஸில எடுக்க மாட்டினம்.

பின்னேரம் நான் வரப் பிந்தும். வீட்டுக் கதவுத் திறப்பைக் கொண்டு போ.

அம்மா

பி.கு. உந்தச் சீட்டுக்குக் கீழ ஒரு படிவம் இருக்கு. வராத நாளுக்கு வீட்டில ஒராள் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்கவேணுமாம். அப்பா வைக்கிறன் எண்டவர், நான் விடேல்லை. நீதான் வைக்கவேணும்.

காய்ச்சல் எண்டு எழுதாத. பயம் எண்டு எழுது.