மெஷின் ஏன் நின்றது?

நவம்பர் 4, செவ்வாய்

மூன்று நாள் மழைக்குப் பிறகு இன்றுதான் வெயில். கல்லூரி முகப்புப் புல்வெளி கணுக்காலைத் தாண்டி வளர்ந்திருந்தது. பத்தே கால் மணிக்குப் புல்வெட்டும் மெஷினின் வாயில் ஈரப்புல் அடைத்துக்கொண்டது. மெஷினை ஓட்டிய சந்திரமோகன் அண்ணன் குனிந்து இடது கையை உள்ளே விட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது!

பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த பொன்னியம்மாள் போட்ட சத்தத்தில் வாசல் காவலாளி வரைக்கும் ஓடிவந்துவிட்டார். கையை வெளியே இழுத்தபோது கையுறையின் நடுவிரல் நுனியைக் காணோம். உறையை நான்தான் கழற்றினேன். விரல் இருந்தது. ஐந்தும் இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். நான் வாங்கிக் கொடுத்த உறை அவருக்கு ஒரு சைஸ் பெரிது. நுனியில் காலியாகக் கிடந்த அரை அங்குலம்தான் போயிருக்கிறது. சைஸ் பார்க்காமல் வாங்கிவிட்டாயே என்று போன மாதம்தான் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தோட்ட மேற்பார்வையாளர் என்று மேசையில் பெயர்ப்பலகை வேறு. நாலு பேருடைய கைகாலுக்கு நான் பொறுப்பு. மெஷினை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

நிர்வாக அலுவலர் சக்கரவர்த்தி சார் கூப்பிட்டனுப்பினார். "திங்கக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் குடுத்துடுங்க திரிசலா. ஆளோட கவனக்குறைவுன்னு எழுதிட்டு வேற ஆளைப் பாருங்க. நமக்கு எதுக்கு பேஜாரு?"

கவனக்குறைவா? செம்பருத்தியை வெட்டும்போது மொட்டு விட்ட கிளையை விரலால் ஒதுக்கிவிட்டு மற்றதை வெட்டுகிற மனிதர் அவர். அவருடைய மூத்த மகள் இந்த வருடம்தான் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை வேலை போனால் அவர் எங்கே போவார்?

அவரிடமே கேட்டேன். காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

"கை தானா பூட்ச்சி மேடம்."

தானாக என்றால்? ஒரு கை எப்படித் தானாகப் போகும்? வீட்டுக்கு வந்தும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். "பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடு. உன் ஆராய்ச்சி எங்கயும் ஓடிடாது" என்றார் சாந்திநாதன். பதினாறு வருடமாக என்னைக் கட்டிக்கொண்டு கேள்விகளுக்கு நடுவில் வாழ்கிற மனிதர், பாவம்.

நவம்பர் 6, வியாழன்

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேரட் வாங்கினேன்.

கடைக்கார கிருஷ்ணம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாம்மா இது? ஜைனருங்க மண்ணுக்குள்ள வெளையறதத் தொட மாட்டீங்களே?"

"சாப்பிட இல்ல. வெட்டிப் பாக்க."

அவள் பார்வை இன்னும் மோசமானது.

பழைய உறை ஒன்றில் விரலுக்கு ஒன்றாக ஐந்து கேரட்டைச் செருகி, நீளக் கழியின் முனையில் கட்டினேன். எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்க வைத்தேன். மெஷினை ஓடவிட்டுக் கழியை அதன் வாய்க்குள் நீட்டினேன். ஒரு நொடிதான். பக்கத்தில் துருவல் கொட்டிக் கிடந்தது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "இனிமே கேரட் பொரியல் என் வாயில எறங்காது" என்றாள் பொன்னியம்மாள். சந்திரமோகன் அண்ணன் தன் இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பயப்பட வைத்துவிட்டேன் என்று பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. கழியை எடுக்கும்போதே மெஷினின் கைப்பிடியை விட்டுவிட்டேன். கைப்பிடியோடு ஒரு கம்பியையும் சேர்த்துப் பிடித்திருந்தால்தான் அது ஓடும், விட்டால் நின்றுவிடும். அதற்காகவே வைத்த கம்பி. நான் விட்டும் அது ஓடியிருக்கிறது.

நிறுத்திவிட்டுத் தடவிப் பார்த்தேன். கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தது. நாலு இழை முறுக்கிய பட்டு நூல். முடிச்சு எங்கே என்று விரலுக்குக்கூடத் தட்டுப்படவில்லை. கைப்பிடி சிவப்பு, நூலும் அதே சிவப்பு. தினம் பார்க்கிற என் கண்ணில் படாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறது!

நவம்பர் 7, வெள்ளி

"நான்தான் மேடம் கட்டனேன். அவுத்துட்றேன்."

ஏன் கட்டினீர்கள் என்றதற்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு செம்பருத்திப் பக்கம் போய்விட்டார். பின்னாலேயே போய் இன்னும் இரண்டு தடவை கேட்டேன். பிறகு பொன்னியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இங்க வர்றதுக்கு முன்னாடி இருவத்திரண்டு வருசம் சேவூர்ல பவர்லூம் ஓட்டிகினு இருந்தாரு. அவரு மச்சான் கந்தசாமி கொட்டாய்ல போய்ப் பாருங்க மேடம், உங்களுக்கே புரியும்."

நவம்பர் 8, சனி

சேவூர். ஆறு தறி ஓடுகிற கொட்டகை. உள்ளே நுழைந்ததும் காது அடைத்தது. சந்திரமோகன் அண்ணனின் காது எங்கே போனது என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு தறியில் நெடுக்கே ஓடும் பாவு இழை ஒன்று அறுந்தது. ஓட்டுகிறவர் நிறுத்தவே இல்லை. ஓடுகிற தறிக்குள்ளேயே கை போனது, இழையைப் பிடித்து முடிந்தது, வெளியே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்கு அது மூக்கைச் சொறிந்துகொண்ட மாதிரி.

"ஏன் நிறுத்த மாட்டேங்கறாங்க?" கந்தசாமியை வெளியே அழைத்துவந்து கேட்டேன்.

"நிறுத்தி ஓட்டினா துணியில கோடு வுழும்மா. அப்பறம் அது ரெண்டாந்தரம்."

ஒரு சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். தெரிந்தது! தலைமுடி கனத்தில் குறுக்கே ஒரு கோடு. தறி ஒரு தடவை நின்று கிளம்பிய இடம். எத்தனை சேலை கட்டியிருக்கிறேன், ஒரு நாளாவது இதைக் கவனித்திருப்பேனா?

பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு தறியின் சத்தம் நின்றது. கந்தசாமி வாசலில் போய் நின்று வலது கையை மல்லாத்தித் திருப்பினார், அவ்வளவுதான். அந்த இரைச்சலில் வாயால் கேட்டு யாருக்குக் காதில் விழப்போகிறது? அந்த ஆள் ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி, ஜல்தியாகத் தறியை ஓட்டிவிட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

ரிப்போர்ட்டில் 'காரணம்: பழைய தொழிலின் கைப்பழக்கம்' என்று எழுதினேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரே குஷி.

மத்தியானம் குஷி போய்விட்டது. கை உள்ளே போனது பழக்கம், சரி. நூல் கட்டியது? அது யோசித்துச் செய்த காரியம். புல்லில் கோடு விழாது. இரண்டாந்தரப் புல் என்று யாரும் கழிக்கப் போவதில்லை. பிறகு மெஷின் நின்றுவிடும் என்று யாருக்குப் பயந்தார்?

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சாந்திநாதன் கிணற்றடியிலிருந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. என்ன என்று கையை மல்லாத்தித் திருப்பினேன்.

கை அப்படியே நின்றது. இது கந்தசாமியின் கை.

கல்லூரியில் என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே முகப்புப் புல்வெளி. மெஷின் சத்தம் நின்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கல்லா, பாம்பா, பெட்ரோல் தீர்ந்ததா? எழுந்துபோய் ஜன்னலில் நின்று, என்ன என்று கையைத் திருப்புவேன். தினமும். அய்யோ, ஒரு வருசமா இதத்தானே பண்ணிகினு இருந்திருக்கேன்!

நவம்பர் 10, திங்கள்

காலை முதல் வேலையாகக் கேட்டேன். "அண்ணா, நான் ஜன்னல்ல கையாட்டுவேனே, அதுக்குத்தான் கட்டினீங்களா?"

வெகுநேரம் செருப்பின் வாரைச் சரிசெய்தார். "மெஷின் நின்னா போதும், வந்து நின்னுடுவீங்க. பதில் சொல்லி முடியல மேடம். அதான், நிக்காம இருக்கட்டும்னு..."

"நான் கோவத்துல கேக்கலண்ணா. சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்."

"அது எனக்கு எப்டி மேடம் தெரியும்?"

வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். காரணம் என்ற இடத்தில்: 'மெஷின் நிற்கும்போதெல்லாம் மேற்பார்வையாளர் ஜன்னலுக்கு வந்து கேள்வி கேட்டது. நிற்கக் கூடாது என்று தொழிலாளி அதைப் புரிந்துகொண்டு, நிறுத்தும் கம்பியைக் கட்டியது.'

சக்கரவர்த்தி சார் இரண்டு தடவை படித்தார். "உங்களையே நீங்க மாட்டி வெச்சிருக்கீங்க. இத இப்படியேவா மேல அனுப்பறது?"

"அப்படியே அனுப்புங்க சார்."

நவம்பர் 12, புதன்

எனக்கு மெமோ. சந்திரமோகன் அண்ணன் வேலையில் இருக்கிறார்.

நூலை அவரே அவிழ்த்தார். கத்திரிக்கோல் நீட்டினேன், வேண்டாம் என்றார். கட்டியவருக்கே பத்து நிமிடம் பிடித்தது. பிறகு நான் சொன்னபடி முகப்புப் புல்வெளியை வெட்டினார். பத்தடிக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்ற வேண்டும், வாயைக் கழியால் சுத்தம் செய்ய வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும். முதல் இரண்டு தடவையும் இடது கை பாதி தூரம் போனது. அவரே வலது கையால் பிடித்து இழுத்துக்கொண்டார்.

முடிந்ததும் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, வெயில் விழுகிற பக்கமாகப் புல்லை நோட்டம் விட்டார். நானும் பக்கத்தில் குந்தினேன்.

"கோடு கீடு ஒண்ணும் காணோம் மேடம்."

பொன்னியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நவம்பர் 15, சனி

சரியான சைஸில் உறை வாங்கியாயிற்று. இந்தத் தடவை ஒவ்வொருவர் கையையும் அளந்து.

நவம்பர் 20, வியாழன்

பத்து நாற்பதுக்கு மெஷின் நின்றது.

கை தானாக எழுந்தது. தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒரு நிமிடம். இரண்டு. கிளம்பவில்லை. கல்லா? பாம்பா? பொன்னியம்மாள் ஏதோ சொல்ல யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள்? நாற்காலி முள்ளாகக் குத்தியது. நாலாவது நிமிடம் மெஷின் மறுபடி ஓடியது.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. சாயந்திரம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட சந்திரமோகன் அண்ணன் வந்தார், போட்டார், போனார். நான் கேட்கவில்லை.