அண்ணையின் ஸ்கூட்டருக்கு ஒரு கூரை

பெப். 10, செவ்வாய்

லோறென்ஸ்கூக், நோர்வே. மைனஸ் எட்டு, காற்றில்லை. அண்ணையின் பனி ஸ்கூட்டர் திருத்தி வந்துவிட்டது. கார்த்திகையில், வடகோடியில் அவர் இருக்கிற பாட்ஸ்பியோர்டிலிருந்து திறந்த ட்ரெயிலரில் இழுத்து வந்தது நான்தான். வழிநெடுக உப்புச் சேறு குடித்து, இருந்ததை விட மோசமானது.

அண்ணைக்கு ஈரலில் புற்றுநோய். இனி வாரக்கணக்குத்தானாம். போனில் கேட்டது ஒன்றே. "ஸ்கூட்டரைக் கொண்டு வாவன். ஒருக்கா ஐஸிலை ஓடிப் பாக்கோணும்."

அம்மாவின் செத்தவீட்டில் சண்டை பிடித்ததிலிருந்து எங்களுக்குள் சாமான்களைப் பற்றிய கதை மட்டும்தான். வெள்ளி புறப்பட வேண்டும். மூன்று நாள் ஓட்டம். இந்த முறை மூடித்தான் கொண்டுபோவேன்.

வாங்க: அலுமினியக் குழாய். மெல்லிய பிளைவுட். தார்ப்பாய். ரிவெட். பாரம் கூடக் கூடாது, என் லைசென்ஸ் விடாது.

பெப். 11, புதன்

பனி கொட்டுகிறது. லீவு. ட்ரெயிலரில் சட்டம் நிறுத்தியாயிற்று. முன்னால் நிமிர்ந்த பலகை, மேலே வளைவு. கை தன்பாட்டில் செய்தது. ஒவ்வொரு ஆவணியிலும் மாதா திருநாளுக்கு, சிலையை ஊர்வலத்தில் ஏற்றிப்போகும் சுருவக்கூடு கட்டுகிற கை அல்லவா. மனைவி ஜெசி ஜன்னலைத் திறந்து சிரித்தாள். "என்னப்பா, மாதாவையோ ஏத்திக்கொண்டு போகப் போறியள்?"

கோபம் வந்தது. விரல்கள் மரத்துவிட்டன. மதியம் சாப்பிடவில்லை.

பெப். 12, வியாழன்

சோதனை ஓட்டம், ஸ்கூட்டர் ஏற்றாமல். நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டதும் ட்ரெயிலர் பாம்பு மாதிரி நெளிந்தது. பிறகு ஒரு வெடிச்சத்தம். தார்ப்பாய் கிழிந்து, வளைவு முறிந்து, எல்லாம் பள்ளத்துக்குள். நல்லகாலம், பின்னால் வாகனம் இல்லை.

சுருவக்கூடு, செபமாலை சொல்லி நடக்கிறவர்களின் வேகத்துக்குக் கட்டுவது. காற்று பிடிக்கும் என்று யோசிக்காத மடையன் நான். ஓரமாக நிறுத்தி அழுதேன்.

பின்னேரம், மிஞ்சியதைப் பொறுக்கி வந்து முகப்பை வெட்டிச் சரித்தேன். உயரம் பாதி. தார்ப்பாய் போதவில்லை. கடை பூட்டிவிட்டது.

பெப். 13, வெள்ளி

காலையே அண்ணையைக் கூப்பிட்டேன். "கூரை முடியேல்லை அண்ணை. நாளைக்கு வெளிக்கிடுறன். நனையாமல் கொண்டு வந்திடுவன்."

அண்ணைக்கு மூச்சு வாங்கியது. "டேய், என்னாலை எழும்பி இருக்கவே ஏலாது. எனக்கேன் இனி ஸ்கூட்டர்?"

"நீங்கள்தானே கேட்டனீங்கள்?"

"ஓம். சும்மா வா எண்டால் வந்திருப்பியே?"

வந்திருக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் தெரியும்.

விமானம் பார்த்தேன். அங்கே புயல், திங்கள் வரை ஒன்றும் இறங்காது. மூன்று நாளை ஒரு கூரைக்குக் கொடுத்துவிட்டேன். செவ்வாயே புறப்பட்டிருந்தால் இன்று அவர் கட்டிலடியில்.

கார் மட்டும் போதும் என்று ட்ரெயிலரைக் கழற்றப் பார்த்தேன். கொக்கி உறைந்து கிடக்கிறது. காருக்குள் இருந்து எழுதுகிறேன். ஜெசி கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டு ஓடி வருகிறாள்.

மூன்று நாள். மாதாவே, அவருக்கு இன்னும் மூன்று நாள்