கிணற்றுக் கொப்பிகளுக்குக் கேட்ட சம்மதம்

இணுவில்,
09.08.2024

அன்புள்ள மகன் சுபாங்கனுக்கு,

நீயும் வினோஜாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். எனக்கு முழங்கால் நோவைத் தவிரப் பெரிய குறையில்லை. போனில் சொல்லலாம். ஆனால் போனில் நீ அவசரப்படுவாய், எனக்குக் கோபம் வரும்.

நீ அனுப்பிய சம்மதப் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்தேன். கடைசி வரிவரை வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்கக்கூடாது என்று கொன்வென்ரில் சிஸ்டர்மார் பழக்கிய பழக்கம்.

நான் விளங்கிக்கொண்டது இது. உன்னுடைய கிணற்று வரைபட மென்பொருளை யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அந்தத் திறந்த மூல உரிமம் நீ எழுதிய நிரலுக்குப் பொருந்தும். அதே பொதிக்குள் நீ சேர்த்து வைத்த அப்பாவின் கொப்பிக் குறிப்புகளுக்கும் அது பொருந்துமா என்று உன் குழுவினர் இப்போது கேட்கிறார்கள். நீ ஒப்பமிட்டுவிட்டாய். மற்ற வாரிசு நான்.

மகன், அந்தக் குறிப்புகள் எப்படி வந்தன என்பது உனக்குத் தெரியும். படிப்பித்த பள்ளிக்கூடம் விட்டபின் பின்னேரங்களில் அப்பா இருபத்தாறு வருடம் சைக்கிளில் போய் முப்பத்தெட்டுக் கிணறுகளில் நீர்மட்டமும் உப்பும் அளந்தார். யாரும் கேட்டு அளக்கவில்லை. உங்கடை கிணத்துக் கதை என்ரை கொப்பியை விட்டு வெளியிலை போகாது என்று ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் வாக்குக் கொடுத்தார். இங்கே பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் காணி எழுதும்போது கிணற்றுப் பங்கையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். கிணறு உவர் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை நீ கொப்பிகளைப் படம் எடுத்தாய். அலுமாரியைத் திறக்கத் திறப்பைத் தந்தவள் நான். எதற்கு என்று கேட்கவில்லை. அப்பாவின் கையெழுத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாய் என்று நினைத்தேன்.

அந்த முப்பத்தெட்டில் ஒன்று பூரணத்தின் கிணறு. அவளின் மகள் டிலக்ஷிக்குத் தெல்லிப்பழையில் சம்பந்தம் பேசி நாளும் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தான் உன் வரைபடத்தைப் போனில் திறந்து பார்த்திருக்கிறார். பூரணம், தெற்கு வளவு, உவர் என்று பெயரோடு கிடந்தது. பேச்சு அதோடு நின்றுவிட்டது. அப்பா எழுதியது பொய் என்றாலாவது நான் மறுத்துச் சொல்லியிருப்பேன்.

பூரணம் படலையடி மட்டும் வந்தாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. ரீச்சர், மாஸ்டர் செத்தாலும் வாய் திறக்கமாட்டார் எண்டு நம்பினம், அவரின்ரை கொப்பிக்கெல்லோ வாய் வந்திட்டுது என்றாள். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

புதிய பதிப்பில் பெயர்களை நீக்கிவிட்டேன் என்கிறாய். பழைய பதிப்பை இறக்கி வைத்திருப்பவர்களிடமிருந்து அதைத் திருப்பி வாங்க முடியாது என்று உன் உரிமத்திலேயே இருக்கிறதே.

சம்மதம் இல்லாவிட்டால் குறிப்புகள் முழுவதையும் நீக்கிவிடுவார்கள், வெறும் வரைபடம்தான் மிஞ்சும் என்று எழுதியிருந்தாய். அப்பாவின் உழைப்பு வீணாவதை நான் விரும்பவில்லை. யாருடைய கிணறு என்று சொல்லாமலே, தண்ணீர் எந்தப் பக்கம் கெடுகிறது என்று ஊர் அறியவேண்டும் என்றுதான் அவரும் அளந்தார். ஆகவே திகதி, ஊர், நீர்மட்டம், உப்பு ஆகியவற்றுக்கு மட்டும் சம்மதம் என்று எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். பெயருக்கும் வளவுக்கும் இல்லை.

முதல் வெளியீட்டில் இருந்தே இந்தச் சம்மதம் இருந்தது என்று பத்திரத்தில் இருந்த வரியை வெட்டிவிட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் உரிமையில்லாமல் வெளியிட்டவன் என்று குழு உன்னைச் சொல்லும், பொறுப்பிலிருந்தும் எடுக்கக்கூடும் என்று நீ கெஞ்சியது தெரியும். உன்னைக் காப்பாற்ற ஒரு வரி போதும் என்று இரண்டு நாள் பேனையை எடுத்து எடுத்து வைத்தேன். முடியவில்லை, ராசா. அந்த வரியில் ஒப்பமிட்டால், பூரணத்தின் பெயரை ஊருக்குச் சொல்ல நானும் சம்மதித்தவளாவேன். அப்பா கொடுத்த வாக்கை அவருக்குப் பின் மீறியவளாவேன். உன்னில் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் நினைக்காதே.

மார்கழியில் லீவு கிடைக்கும் என்றாய். ஒருதரம் வந்துவிட்டுப் போ. பூரணம் வீட்டுக்குத் தனியே போக எனக்கு முகமில்லை. நீ பேசத் தேவையில்லை, பக்கத்தில் நின்றால் போதும்.

கடவுள் உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

என்றும் உன்
அம்மா