சந்திரகிரிச் சுவரில் பாதிப் பெயர்

ஊருக்கெல்லாம் திருப்பதி சுற்றிக் காட்டிய என் அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். உன் ஜோதிக்கு வந்த சம்பந்தம் போய்விட்டது. போகச் சொன்னது நான்தான். வழி காட்டியது உன் மகள்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜோதிய நல்ல எடமா பாத்துக் குடுத்துடு மல்லி" என்றாயே, அதைத்தான் இத்தனை மாதமாக மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். உனக்கு வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் வேறு பிடுங்கி எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து சென்னையிலிருந்து இவர்கள் வந்தார்கள். பையனுக்கு நல்ல வேலை, ஒரே பிள்ளை. "பகல்ல திருப்பதியச் சுத்திக் காட்டுங்க. சாயந்திரம் புத்தூர்ல உங்க வீட்டுக்கு வந்து பூ வெச்சிடறோம்" என்றாள் பையனின் அம்மா. நீ இல்லாத குறை தெரியக்கூடாதென்று நானும் ஜோதியும் அவர்கள் காரில் ஏறினோம்.

முதலில் கபில தீர்த்தம். அருவி விழுகிற குளத்தில் அந்த அம்மாள் ஷாம்பு போட்டுத் தலை குளித்தாள். காலிப் பாக்கெட்டைத் தண்ணீரிலேயே விட்டாள். மகனின் தோஷம் கழியட்டும் என்று கட்டியிருந்த பழைய புடவையையும் அவிழ்த்து அதிலேயே விட்டாள். அது மிதந்து போய் முழுகி எழுந்த ஒரு பெரியவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

கோவிந்தராஜ சாமி கோயிலில் பையனின் அப்பா புளியோதரை சாப்பிட்டுவிட்டு, எண்ணெய்க் கையைத் தூணிலிருந்த யாளியின் காலில் துடைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, "கல்லுக்கு எண்ணெ நல்லதும்மா" என்று சிரித்தார். பெரியவர்கள் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், கட்டிக்கொள்ளப் போவது பையனைத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சந்திரகிரிக் கோட்டையில் பையனின் லட்சணமும் தெரிந்தது. ராஜமகாலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், பின்பக்கத்து மதில் ஓரமாக ஒதுங்கினான். கார் சாவியை எடுத்துத் தன் பெயரைக் கீறினான். பக்கத்தில் ஒரு இதயம். அதற்கும் பக்கத்தில் 'ஜோ' என்று கீறிக்கொண்டிருக்கும்போதே காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏமய்யா, கோட மீத கீகுதுன்னாவ்? சதுவுகுன்னவாடிவேனா?"

சுவரில் கீறுகிறாயே, நீ படித்தவன்தானா என்று தெலுங்கில் அவர் கேட்டது பையனுக்குப் புரியவில்லை. சிரித்தான். "ஏற்கெனவே எவ்ளோ பேர் எழுதி இருக்காங்க, நாம எழுதினாதான் தப்பா?" என்றான். உண்மைதான், அந்தச் சுவர் முழுக்க எச்சில் துப்பின மாதிரி பெயர்கள். ராஜாக்கள் நின்ற இடத்தை இப்படி நாறடித்து வைத்திருக்கிறார்களே!

ஜோதி துப்பட்டாவால் அந்த 'ஜோ'வைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. "என் பேரு சித்தி அது" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அப்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

காரில் ஏறியதும், முன் சீட்டிலிருந்த அந்த அம்மாளிடம் தேனாகப் பேசினாள். "ஆன்ட்டி, அவருக்கு ராகு தோஷம்னு காலையிலேர்ந்து சொல்லிக்கினு வர்றீங்களே, இவ்ளோ தூரம் வந்து காளஹஸ்தி போவாம போலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காளஹஸ்தி எப்போதும் கடைசி, அங்கே பூஜை முடித்தால் நேராக அவரவர் வீடு, நடுவில் அடுத்தவர் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய்! மறந்துபோய் முதலில் அங்கே போய்விட்டு வந்த பெங்களூர் மாமாவுக்குத் தெருவிலேயே காபி கொடுத்து அனுப்பினவளாச்சே நீ. உன் மகள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

ராகு கேது பூஜை முடிந்து வெளியே வந்தபிறகுதான், இனி நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யய்யோ, மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப பூ வெக்கறது?" என்று அந்த அம்மாள் பதறினாள்.

"பூ வேணாம் ஆன்ட்டி. எனக்கு இந்த எடம் வேணாம்" என்றாள் ஜோதி.

"ஒரு செவுத்துக்காகவா?" என்றான் பையன்.

"எங்க ஊரு செவுருங்க அது. அதுல எழுதினது என் பேரு. என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அந்த அம்மாளுக்கோ கோபத்தைவிட ராகு பயம் பெரிதாக இருந்தது. சண்டை போடக்கூட நிற்காமல் காரை நேராகச் சென்னைக்கு விடச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் புத்தூர் பஸ் பிடித்தோம். அவர்களுக்காகக் கிளறி வைத்த கேசரியை நாங்களே தின்றோம்.

கிறுக்கலுக்காகக் கல்யாணத்தை விட்டவள் என்று சொந்தக்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள். வருஷம் திரும்பப் போகிறது. நான் செய்தது தப்பா அக்கா? நீயாக இருந்தால் கபில தீர்த்தத்திலேயே அந்தப் புடவையை எடுத்து அந்த அம்மாள் தோளில் போட்டு அனுப்பியிருப்பாய், இல்லையா?

இனிமேல் எவன் பெண் கேட்டு வந்தாலும் வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் கோட்டையைக் காட்டுவேன். கையில் சாவியோடு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்ப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. நம் பெண்ணின் பெயரில் பாதிதான் அவன் கைக்கு அகப்பட்டது. பெண் முழுசாக வீட்டில் இருக்கிறாள்.

உனக்குத் தங்கச்சி, இப்போது ஜோதிக்கு அம்மா,
மல்லி