கதவைத் தாண்டிக் கேட்ட ஜெபம்

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆண்கள் ஐக்கியக் கூட்டம். பாஸ்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "நம்ம பிள்ளைங்களுக்கு ஆண்டவரைப் பத்தி யார் சொல்லித் தரப்போறீங்க? எல்லாத்தையும் பெண்கள் தலையில கட்டிட்டு நாம டீ குடிச்சிட்டு இருக்கோம்." உடனே அத்தனை ஆண்களுக்கும் மின்விசிறியின் மேல் தீராத ஆர்வம் வந்துவிட்டது. ஒலிவாங்கியைக் கையில் எடுத்தால் திருப்பித் தராததால் எங்கள் செயலாளருக்கு 'மைக்' என்று பெயர். அவர் எழுந்து, "வாலிபர் கூட்டத்தை நம்ம லிஃப்ட் மெக்கானிக் பார்த்துப்பார்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவசரத்தில் நானும் தட்டிவிட்டேன்.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டே, "நல்லது. நம்ம வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான், ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். பெரியவனைச் சொல்கிறாள். பதினேழு வயது. அவனுக்கென்ன குறை, நான்தான் இருக்கிறேனே.

ஜூன் 4, செவ்வாய்

குடும்ப ஜெபம். "அன்பின் பரலோகப் பிதாவே" என்று தொடங்கி, தேசங்கள், தலைவர்கள், நோயாளிகள் எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். "இந்தக் குடும்பத்தில் சிலர் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவதை தேவரீர் அறிந்திருக்கிறீர்..." சின்னவள் ஒரு கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். (எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது.)

ஆமென் சொன்னதும் பெரியவன் எழுந்தான். "அப்பா, நீங்க ஆண்டவர்கிட்ட பேசுறீங்களா, என்கிட்ட பேசுறீங்களா? என்கிட்டன்னா நேரா சொல்லுங்க. அவரை எதுக்கு நடுவுல இழுக்கிறீங்க? இனிமே நான் ஜெபத்துக்கு உட்காரல."

போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் திட்டவாவது திட்டியிருப்பேன்.

ஜூன் 5, புதன்

வரவில்லை. கதவைத் தாண்டிப் போகட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே ஜெபித்தேன். மனைவி, "ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றாள்.

ஜூன் 8, சனி

வாலிபர் கூட்டம். தாவீதில் தொடங்கிக் கைப்பேசியில் முடித்தேன். கடைசி வரிசையில் ஒருவன் கொட்டாவியை மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒரு பெண், மரியாதையாகத்தான், "அங்கிள், நீங்க உங்களுக்காக என்ன ஜெபிப்பீங்க?" என்றாள். சபைக்காக, தேசத்துக்காக, உங்களைப் போன்ற வாலிபருக்காக என்று அடுக்கினேன்.

"அது சரி அங்கிள். உங்களுக்காக?"

தண்ணீர் குடித்தேன். பிறகு ஜெபத்தோடு கூட்டத்தை முடித்துவிட்டேன். தப்பிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

என் மகன் வரவில்லை. அவனுக்கு ஆண்டவர் வேண்டாமா, நான் வேண்டாமா? நான்தான் என்றால் தாங்கிக்கொள்வேன். என் மேல் உள்ள கோபத்தில் அவரையும் விட்டுவிட்டால்?

ஜூன் 11, செவ்வாய்

மேலாளர் கூப்பிட்டார். இனி வரும் லிஃப்டெல்லாம் கம்ப்யூட்டர் போர்டில்தான் ஓடுமாம். மாதக் கடைசியில் தேர்வு, தேறாதவர்களுக்குக் கிடங்கு வேலை. அந்தப் போர்டைப் பார்த்தால் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது.

ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். பிதாவே என்றேன், மேலே வரவில்லை. பிறகு, "ஆண்டவரே, எனக்கு பயமா இருக்கு. அந்த போர்டு ஒண்ணுமே புரியல. சின்னப் பசங்க முன்னாடி ஃபெயிலாகி நிக்கணுமோன்னு இருக்கு. வீட்லயும் என்ன செய்யறதுன்னு தெரியல, பெரியவன் மனசை நோகடிச்சிட்டேன்" என்று கொட்டிவிட்டேன். தேவரீர், அறிந்திருக்கிறீர் எல்லாம் எங்கே போயினவோ. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கதவை நினைத்து நான் பேசவில்லை. உண்மையாகவே நினைக்கவில்லை.

ஜூன் 12, புதன்

கதவு பாதி திறந்திருந்தது. சத்தத்தைக் கூட்டலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். முடிந்ததும் சின்னவள் அங்கே போய்விட்டு வந்து, "அண்ணா எதையும் கேக்கலையாம். சொல்லச் சொன்னான்" என்றாள்.

ஜூன் 15, சனி

இன்று வாலிபர் கூட்டத்தில் பிரசங்கம் இல்லை. வாரம் ஒரு தகப்பன் வந்து, தனக்காக என்ன ஜெபிக்கிறார் என்று மட்டும் சொல்ல வேண்டும், புத்திமதி கூடாது. இது என் ஏற்பாடு. முதலில் மாட்டியவர் மைக். எழுந்ததும் கை ஒலிவாங்கியைத் தேடியது. கொடுக்கவில்லை. "எனக்குச் சில நாள் ஜெபமே வராது. வரல ஆண்டவரேன்னு சொல்லிட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது சபை வரலாற்றிலேயே இல்லை. கொட்டாவிக்காரன், "எனக்கும் அப்படித்தான் அங்கிள்" என்றான். அதற்குப் பிறகு அவர்களை வீட்டுக்கு அனுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

பெரியவனிடம் நேராகவே சொன்னேன். "உன்னைக் குத்திக் காட்ட ஜெபத்தைப் பயன்படுத்தினது தப்புடா." "சரிப்பா" என்றான். அவ்வளவுதான். 'அப்போ இன்னிக்கு உட்காருவியா' என்று கேட்க வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

தேர்வு எழுதினேன். எப்படி எழுதினாய் என்று யாரும் கேட்க வேண்டாம். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

சாப்பிட்டபின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரியவன் தானாக வந்து துண்டை எடுத்துத் துடைத்து அடுக்கினான். கடைசித் தட்டையும் அடுக்கி முடித்தான். பிறகு, "அப்பா, ஒரு விஷயத்துக்காக நான் ஜெபிச்சிட்டு இருக்கேன். நீங்களும் ஜெபிக்கிறீங்களா? சத்தமா வேணாம்" என்றான்.

விஷயத்தைச் சொன்னான். ஈரக் கையோடு அங்கேயே நின்று இருவரும் ஜெபித்தோம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் முறை முடிந்ததும் அவனும் இரண்டு வார்த்தை சொன்னான்.

மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க சொன்னான்?" என்றாள். "அவன்கிட்டயே கேளு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் ஒரு விஷயம் தங்கியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

இங்கேயும் எழுதப்போவதில்லை.