அடி மூடிய கை

ஜூலை 8, செவ்வாய்
சோளகக் காற்று. ஒரே புழுதி. பானைகளுக்கு ஈரச் சாக்கு போட்டாயிற்று, இல்லாவிட்டால் வெடிக்கும். எங்கள் பானை வேலையைப் பார்க்க யப்பான்காரர் ஒருவர் இன்று நெடுங்கேணிக்கு வந்துவிட்டார். பெயர் கென்ஜி. பரம்பரைக் குயவர், பதினான்காம் தலைமுறையாம். மொழிபெயர்க்க நெளுக்குளத்துப் பெண் ஒருத்தி. அண்ணனுக்குப் புதுச் சட்டை. எனக்குத் தேத்தண்ணி போடும் வேலை.

ஜூலை 9, புதன்
அண்ணன் சக்கரத்தில் சுற்றிக் காட்டினார். எங்கள் முறைப்படி வாயும் வயிறும் மட்டும், அடி திறந்தபடி. பாதி காய்ந்ததும் உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவது பெண்கள். சக்கரத்தை நாங்கள் தொடக்கூடாது, குடும்பத்துக்கு ஆகாதாம்.

கென்ஜி, நான் நேற்று மூடிய பானையைக் கவிழ்த்து அடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இதை ஆர் மூடினது எண்டு கேக்கிறார்," என்றாள் பெண்.

"நான்தான் எண்டு சொல்லுங்கோ. தங்கச்சி சும்மா கைக்குதவி," என்றார் அண்ணன்.

குசினி வாசலில் நான். கையில் தேத்தண்ணித் தட்டம். சீனி போதுமோ என்று மட்டும் கேட்டேன். வெட்கங்கெட்ட வாய்.

ஜூலை 10, வியாழன்
வாங்க வேண்டியது: சீனி, தேயிலை, சூளைக்கு வைக்கோல்.
யப்பானில் செய்தவர் பெயரை அடியில்தான் கீறுவார்களாம். அண்ணன் ஆணியால் ஆறு பானையில் தன் பெயரைக் கீறினார், நான் தட்டிய இடத்திலேயே. ஒன்றில் அழுத்தி ஓட்டை. அதையும் நான்தான் அடைத்தேன்.

ஜூலை 12, சனி
அண்ணனுக்கு யப்பான் அழைப்பு, மூன்று மாதம். ஊர் முழுக்க இதே கதை. பின்னேரம் அந்தப் பெண் போனில்: "அங்க துவக்கத்தில இருந்து அடி மூடுற வரைக்கும் உங்கட அண்ணை தனியத்தான் செய்து காட்டவேணுமாம்." அண்ணன் இரவு சோறு தொடவில்லை. நான் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு
விடியவே அண்ணன் பலகையோடு வந்து நின்றார்.

"பிள்ளை, ஒருக்காக் காட்டித் தா. ஒரு கிழமையில பிடிச்சிடுவன்."

பன்னிரண்டு வயதில் நான் பிடித்த பலகை.

"சும்மா கைக்குதவிதானே அண்ணை, அதில என்ன பழகக் கிடக்கு?"

தானே தட்டினார். மூன்று பானை கிழிந்தது.

"மொழிபெயர்க்கிற பிள்ளைக்குப் போன் எடுங்கோ. அடி மூடினது ஆரெண்டு சொல்லுங்கோ. இண்டைக்கே காட்டித் தாறன்," என்றேன்.

போனைக் கையில் எடுத்தார். அழைக்காமலே சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

இப்போது கொட்டிலில் நாலாவது பானை. தட்டும் சத்தத்திலேயே தெரிகிறது, இதுவும் கிழியும்.